போர்க்களம் யாருடைய நிலம்?

போர்க்களம் என்றதும் வரலாற்று மாணவருக்கு ஓர் ஆண்டு நினைவுக்கு வரும். இலக்கிய மாணவருக்கு ஒரு பரணி நினைவுக்கு வரும். ஆனால் போர் நடப்பதற்கு முந்திய நாள் மாலையில் அந்த இடத்துக்குப் போர்க்களம் என்ற பெயர் இல்லை. ஒருவருடைய சோளக் கொல்லையாக, இன்னொருவருடைய பழத் தோட்டமாக, வேறொருவருடைய மாட்டு மேய்ச்சலாக அது இருந்தது. படைகள் வந்தன, மோதின, போயின. பிணங்களைப் புதைத்து, மிதிபட்ட வேலியை மறுபடியும் நட்டு, அதே உழவர் அதே நிலத்தில் ஏர் பூட்டினார். நமக்கு அது வரலாற்றுப் பூமி. அவருக்கு அது கஞ்சி ஊற்றும் பூமி.

பிறகு ஒரு நாள் அரசாங்கம் வருகிறது. நாட்டின் நினைவு இங்கே கிடக்கிறது, ஆகவே நிலம் நாட்டுக்கு வேண்டும் என்கிறது. “தர மாட்டேன்” என்று சொல்ல உரிமையாளரால் முடியுமா? விலையை யார் முடிவு செய்வது? எத்தனை ஏக்கர் எடுத்தால் போதும் என்று யார் சொல்வது? இந்தக் கேள்விகளோடு நூற்று முப்பது ஆண்டுகளாக மல்லாடி வரும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அங்கே நடந்தவற்றை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சட்டம் படிப்பவன் அல்லன். நிலவியல் முதுகலை மாணவன். இந்தப் பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, போரின் போக்கைப் பாறை எப்படித் தீர்மானிக்கிறது என்று வகுப்பில் படித்தது. மற்றொன்று, நிலம் எடுக்கப்படுவது என்றால் என்ன என்பதை எங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்தது. இரண்டையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

நிலமே சாட்சி

1863 ஜூலை 1 முதல் 3 வரை, பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சுற்றி ஒரு பெரும் போர் நடந்தது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும், ஒன்றியத்தைக் காக்க நின்ற வட மாநிலங்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரின் திருப்புமுனை அது. ஊரின் மக்கள் தொகையோ சுமார் 2,400. மூன்று நாளில் இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர், காணாமற் போனவர் ஆகியோரின் தொகை இருதரப்பிலும் சேர்ந்து சுமார் 51,000.

இந்தப் போரைப் புரிந்துகொள்ள நூலைப் படித்தால் போதாதா, நிலத்தை ஏன் காக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்த வட்டாரத்தில் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு எழுந்து, செம்மண் படிவுப் பாறைகளுக்கிடையே புகுந்து, டயபேஸ் என்னும் கருங்கல்லாக இறுகியது. மென்மையான படிவுப் பாறை காலப்போக்கில் தேய்ந்து தாழ்ந்தது. கடினமான டயபேஸ் தேயாமல் மேடாக நின்றது. அந்த மேட்டின் மீதுதான் வட மாநிலப் படை தூண்டில் முள் வடிவில் அணிவகுத்து நின்றது. கல் மேலாகவே கிடந்ததால் ஆழமாகப் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. வீரர்கள் கற்களைக் குவித்தும் பாறைகளுக்குப் பின்னே ஒதுங்கியும் போரிட்டார்கள். மூன்றாம் நாள் தென் மாநிலப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர் தாழ்ந்த வயல்வெளியின் வழியே முக்கால் மைல் தொலைவு நடந்து வந்து தாக்கித் தோற்றார்கள்.

அந்த மேட்டில் நின்று வயல்வெளியைப் பார்ப்பவனுக்கு அவர்கள் ஏன் தோற்றார்கள் என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். நடுவே நான்கு கடைகளும் ஒரு வண்டி நிறுத்துமிடமும் வந்துவிட்டால் விளங்காது. ஆகவே போர்க்களத்தில் சாட்சி சொல்வது நினைவுத் தூண் அன்று. நிலத்தின் மேடு பள்ளமே. ஒரு முறை பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டால் அந்தச் சாட்சி திரும்ப வராது.

மின்சார வண்டி வழக்கு

கெட்டிஸ்பர்க்கில் உண்மையிலேயே வெடி வைத்தார்கள். போர் முடிந்த சில வாரங்களிலேயே டேவிட் மெக்கானகி என்னும் உள்ளூர் வழக்கறிஞர் முக்கியமான இடங்களை விலைக்கு வாங்கத் தொடங்கினார். 1864இல் போர்க்கள நினைவுச் சங்கம் ஒன்று மாநிலச் சட்டத்தின்படி அமைந்தது. விரும்பி விற்பவரிடம் விலை கொடுத்து வாங்குவதே அவர்கள் பெரிதும் கையாண்ட வழி. ஆனால் 1893இல் ஒரு மின்சார வண்டிக் கம்பெனி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதற்காகப் போர்க்களத்தின் ஊடே இருப்புப்பாதை போட்டது. ‘டெவில்ஸ் டென்’ என்னும் பாறைக் கூட்டத்தருகே, வீரர்கள் பதுங்கிப் போரிட்ட அதே இடத்தில், பாறைகளை உடைத்துப் பாதை அமைத்தது. போர்க்களத்தைக் காட்டிப் பிழைக்க வந்தவர்களே போர்க்களத்தை உடைத்தார்கள்!

பழைய போர்வீரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1894இல் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ், நிலத்தை விலைக்கு வாங்கவோ, உடன்படாதவரிடம் நீதிமன்றத்தின் வழியே எடுத்துக்கொள்ளவோ யுத்த மந்திரிக்கு அதிகாரம் தந்தது. கம்பெனி வழக்காடியது. “சாலைக்கும் கோட்டைக்கும் நிலம் எடுக்கலாம், நினைவுக்காக நிலம் எடுக்க அரசியல் சட்டத்தில் எங்கே இடம்?” என்பது அதன் வாதத்தின் சாரம். கீழ் நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

1896 ஜனவரி 27இல், நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூஃபஸ் பெக்கம். நாட்டைக் காக்க உயிர்விட்டவர் நின்ற இடத்தைக் காப்பது வெறும் அலங்காரம் அன்று. அது குடிமக்களின் நாட்டுப்பற்றை வளர்ப்பது. ஆகவே குடியரசின் நலனோடு நெருங்கிய தொடர்புடைய பொதுக் காரியம் என்பது அவர் காட்டிய காரணம். இன்னொன்றும் அதில் உண்டு. எவ்வளவு நிலம் வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றமே, நீதிமன்றம் அன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது. போர்க்களங்களின் எல்லையை விரிப்பதற்குப் பின்னாளில் வாசல் திறந்தது இந்த வரிதான்.

தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1895 பிப்ரவரியில், கெட்டிஸ்பர்க் தேசியப் பூங்காவாயிற்று. சங்கம் தன்னிடமிருந்த ஐந்நூறு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. இன்று அந்தப் பூங்கா ஏறத்தாழ 6,000 ஏக்கர். போர்க்களத்தை ஒட்டித் தனியார் ஒருவர் 1974இல் திறந்த, முந்நூறு அடிக்கு மேல் உயர்ந்த இரும்புக் கோபுரத்தையும் இதே அதிகாரத்தைக் கொண்டுதான் எடுத்தார்கள். அதைத் தடுக்க மாநில அரசு தொடுத்த வழக்கு 1973இல் தோற்றிருந்தது. கடைசியில் மத்திய அரசு நீதிமன்றத்தின் வழியே கோபுரத்தைக் கைப்பற்றி, 2000 ஜூலை 3இல், போரின் ஆண்டு நிறைவு நாளன்று, வெடிவைத்துச் சாய்த்தது.

எடுப்பது எப்படி?

நிலம் எடுக்கும் அதிகாரத்தை அரசின் ‘மேலுரிமை’ என்று சொல்லலாம். சாதாரண நாளில் அது உறங்கிக்கொண்டிருக்கும். பொதுக் காரியம் என்று வந்தால் விழித்துக்கொள்ளும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் (1791) அதற்கு இரண்டு கடிவாளங்களைப் போட்டிருக்கிறது. எடுப்பது பொதுப் பயனுக்காக இருக்க வேண்டும். நியாயமான ஈட்டுத்தொகை தர வேண்டும்.

1931ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அரசாங்கம் நீதிமன்றத்தில் ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்து, தான் மதிப்பிட்ட தொகையையும் கட்டிவிட்டால், அந்தக் கணமே நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். தொகை போதுமா, போதாதா என்ற வழக்கு அதன் பிறகுதான் நடக்கும். அதாவது, நிலத்தைக் கொடுப்பதா என்பதில் பெரும்பாலும் பேச்சுக்கே இடமில்லை. எவ்வளவுக்கு என்பதில்தான் பேச்சு.

அந்த ‘எவ்வளவு’ என்பது சந்தை விலை. விற்க மனமுள்ளவனும் வாங்க மனமுள்ளவனும் கட்டாயமின்றிப் பேசினால் என்ன விலை படியுமோ அது. இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது. என் தந்தையார் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பாட்டனாரின் மூன்று ஏக்கர் புன்செய் ஒரு பொதுக் காரியத்துக்காக எடுக்கப்பட்டது. பனைமரம் ஒன்றுக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பத்திரங்களில் எழுதியிருந்த விலையைப் பார்த்து நிலத்துக்கு விலை வைத்தார்கள். பத்திரத்தில் எழுதும் விலை வேறு, கையில் கொடுக்கும் விலை வேறு என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும் தெரியாது. கிடைத்த பணத்தில் அதே ஊரில் ஓர் ஏக்கர்கூட வாங்க முடியவில்லை. தந்தையார் வேலை தேடி வடக்கே வந்தார். நான் இங்கே பிறந்தேன். அந்தப் பொதுக் காரியம் வேண்டாத காரியம் என்று பாட்டனார் ஒருநாளும் சொன்னதில்லை. “எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அது மண் விலை, என் விலை அல்ல” என்பார்.

சட்ட நூலில் பக்கம் பக்கமாக இருப்பதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். சந்தை விலை என்பது விற்க விரும்புபவனின் விலை. விற்க விரும்பாதவனுக்கு அந்த நிலத்தோடு இருக்கும் உறவுக்கு அமெரிக்கச் சட்டத்திலும் விலை கிடையாது.

மனாசஸில் நடந்தது

போர்க்களத்தை விரிப்பதற்காக நிலம் எடுத்ததற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு வர்ஜீனியாவின் மனாசஸ். வாஷிங்டன் நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே இரண்டு போர்கள் நடந்தன: ஒன்று 1861 ஜூலை 21இல், மற்றொன்று 1862 ஆகஸ்ட் 28 முதல் 30 வரை. முதற் போரில், எண்பது வயதைத் தாண்டிய ஜூடித் ஹென்றி என்ற அம்மையார் தம் வீட்டுப் படுக்கையிலேயே குண்டு பட்டு இறந்தார். அருகில் ஜேம்ஸ் ராபின்சன் என்னும் சுதந்திர நீக்ரோ உழவரின் வீடும் நிலமும் இருந்தன. அவர் வழியினர் 1930கள் வரை அந்நிலத்தை வைத்திருந்தார்கள்; பின்பு அது அரசாங்கத்திடம் சேர்ந்தது.

1940இல் தேசியப் போர்க்களப் பூங்கா அமைந்தபோது எல்லைக்கு வெளியே நின்றுவிட்ட முக்கியமான இடம் ஒன்று உண்டு. அது ஸ்டூவர்ட்ஸ் ஹில் என்னும் குன்று. இரண்டாம் போரில் தென் மாநிலத் தளபதி லீயின் தலைமையிடம் அது. லாங்ஸ்ட்ரீட்டின் படை கடைசி நாளில் பெருந்தாக்குதலைத் தொடங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். 1973இல் அங்கே கேளிக்கைப் பூங்கா அமைக்க மாரியட் கம்பெனி திட்டமிட்டது, அது கைகூடவில்லை. 1980இல் காங்கிரஸ் மனாசஸ் பூங்காவின் எல்லையை விரித்தபோதும் அந்த நிலத்தைச் சேர்க்கவில்லை. உள்ளூர் ஆட்சியினருக்கு வரி வருமானம் தரும் நிலத்தை இழக்க மனமில்லை. அந்தக் கவலையையும் நாம் ஏளனம் செய்ய முடியாது. பூங்கா ஆகிவிட்ட நிலம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் வரி கொடுக்காது அல்லவா?

பிறகு நிலம் ஒரு கட்டடக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1988 ஜனவரியில் அங்கே பெரிய அங்காடி ஒன்று வரப்போவதாகச் செய்தி வெளியாயிற்று. மண் தோண்டும் இயந்திரங்கள் குன்றின் மேல் ஏறின. ஆனி ஸ்னைடர் என்னும் உள்ளூர்ப் பெண்மணியின் முயற்சியால் எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. காங்கிரஸ் வழக்கமான வழியை விட்டு, ‘சட்டத்தாலே எடுத்தல்’ என்ற அபூர்வமான வழியைக் கையாண்டது. ஒரு வரிச் சட்டத்தோடு இணைத்து நிறைவேற்றிய அந்த விதியின்படி, ஜனாதிபதி ரேகன் 1988 நவம்பர் 10இல் கையெழுத்திட்ட மாத்திரத்திலேயே 542 ஏக்கர் நிலம் அமெரிக்க அரசாங்கத்துக்குச் சொந்தமாயிற்று. காலையில் கம்பெனியின் நிலம். கையெழுத்து உலர்வதற்குள் நாட்டின் நிலம்.

ஈட்டுத்தொகை பிறகு முடிவாயிற்று. அது 10 கோடி டாலரைத் தாண்டியது. முன்பே சேர்த்திருந்தால் அத்தனை கோடி ஆகியிராது. கட்டடத் திட்டம் வந்த பிறகு எடுத்ததால் விளைநிலத்தின் விலை போய், அங்காடிக்கான மனையின் விலை வந்துவிட்டது. வெட்டிச் சமன்செய்த குன்றின் பகுதிகளைப் பின்னாளில் பழைய மேடு பள்ளத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தது. நிலவியல் படிப்பவனுக்கு இது ஒரு பாடம். உருவத்தைத் திருப்பலாம், அடுக்கைத் திருப்ப முடியாது. கலைந்த மண்ணில் புதைந்திருந்த குண்டும் பொத்தானும் எந்த இடத்தில் கிடந்தன என்ற செய்தி போனது போனதுதான்.

ஓர் ஊர் போன கதை

மனாசஸில் நிலத்தை இழந்தது பணமும் வக்கீல்களும் உள்ள கம்பெனி. எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. அதே வர்ஜீனியாவில் யார்க்டவுன் என்ற இடம் உண்டு. 1781 அக்டோபர் 19இல் ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ் வாஷிங்டனிடம் சரணடைந்த இடம் அது. அந்தக் காரன்வாலிஸ்தான் பின்பு நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1793இல் வங்காளத்தில் சாசுவத நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர்.

அந்தப் போர்க்களத்தின் மேல், உள்நாட்டுப் போரின்போது அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த நீக்ரோ மக்கள் குடியேறினார்கள். யூனியன் டவுன் என்றும், ஸ்லாப்டவுன் என்றும் அந்த ஊருக்குப் பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். 1970களில், சுதந்திரத்தின் இருநூறாம் ஆண்டு விழாவை ஒட்டி, போர்க்களத்தை 1781இல் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தேசியப் பூங்காத் துறை அந்நிலங்களை எடுத்தது. ஊர் கலைந்தது.

1781ஆம் ஆண்டும் வரலாறுதான். 1863ஆம் ஆண்டும் வரலாறுதான். ஒரு விடுதலையின் நினைவைத் துலக்குவதற்காக இன்னொரு விடுதலையின் நினைவைத் துடைத்தார்கள். எந்த ஆண்டின் தோற்றத்துக்கு நிலத்தைத் திருப்புவது என்பது விஞ்ஞானம் விடை சொல்லும் கேள்வி அன்று. கெட்டிஸ்பர்க் தீர்ப்பைத் தந்த அதே நீதிமன்றம், நான்கு மாதத்துக்குள், 1896 மே 18இல், இரயில் வண்டியில் வெள்ளையருக்கும் நீக்ரோவருக்கும் தனித்தனிப் பெட்டி வைப்பது செல்லும் என்று பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்ததையும் இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. போர்வீரரின் நினைவு குடியரசின் நலன் என்று சொன்னார்கள். அந்தப் போரினால் விடுதலை பெற்றவரின் மானம் யார் நலன் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வேறு வழி உண்டா?

உண்டு. கட்டாயமாக எடுப்பதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொண்டு, வேறு இரண்டு வழிகளை இன்று அமெரிக்காவில் பெரிதும் கையாளுகிறார்கள்.

முதலாவது, விரும்பி விற்பவரிடம் மட்டும் வாங்குவது. மக்களிடம் நன்கொடை திரட்டும் அறக்கட்டளைகள் இதைச் செய்கின்றன. அவற்றுள் பெரியதான அமெரிக்கப் போர்க்கள அறக்கட்டளை 50,000 ஏக்கருக்கு மேல் காத்திருக்கிறது. இம்முயற்சிகளுக்கு மத்திய அரசு தரும் மானியமும் மனமுவந்து விற்பவரின் நிலத்துக்கே உண்டு.

இரண்டாவது, நிலத்தை வாங்காமல், அதன் மேல் கட்டும் உரிமையை மட்டும் வாங்குவது. உழவர் நிலத்தை வைத்துக்கொள்கிறார், உழுகிறார், பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார். ஆனால் அங்கே கட்டடம் எழுப்புவதில்லை என்று நிலையான பத்திரம் எழுதிக் கொடுத்து, அதற்குரிய தொகையைப் பெற்றுக்கொள்கிறார். போர் நடந்த நாளில் அது சோளக் கொல்லையாக இருந்தது. இன்றும் சோளக் கொல்லையாகவே இருந்தால் அதைவிட நல்ல காவல் எது?

நமது நாட்டில் 1894ஆம் ஆண்டு வெள்ளையர் இயற்றிய நிலமெடுப்புச் சட்டமே நூறாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 2014 ஜனவரி 1 முதல், 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. எடுப்பதால் மக்களுக்கு நேரும் பாதிப்பை முன்கூட்டி ஆராய வேண்டும் என்பதும், கிராமப்புறத்தில் சந்தை விலையைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை தரலாம் என்பதும் அதன் சிறப்பு. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். இது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தம். கோயிலுக்கும் கோட்டைக்கும் இந்த அளவு பொருந்தலாம். பல மைல் பரந்த போர்க்களத்துக்கு நூறு மீட்டர் எம்மாத்திரம்? நாளை நம் நாட்டில் ஒரு போர்க்களத்தைக் காக்க நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

நண்பர்களே! நிலத்தை எடுக்கவே கூடாது என்பது என் கட்சி அன்று. டெவில்ஸ் டென் பாறைகளை உடைக்க விட்டிருந்தால் உலகம் ஓர் ஒப்பற்ற சாட்சியை இழந்திருக்கும். ஸ்டூவர்ட்ஸ் ஹில்லில் அங்காடி எழுந்திருந்தால் அதை இடித்து வரலாறு படிக்க யாராலும் முடிந்திராது. ஆனால் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு அரசாங்கம் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இந்த நிலம் இல்லாமல் அந்த நாளைப் புரிந்துகொள்ள முடியாதா? கட்டும் உரிமையை மட்டும் வாங்கினால் போதாதா? எழுந்து போகப்போகிறவர் யார், அவருடைய நினைவு எங்கே வைக்கப்படும்?

மூன்றாம் கேள்விக்குச் செய்யக்கூடிய மிக எளிய காரியம் ஒன்று உண்டு. போர்க்களத்தில் தளபதிகளின் பெயரைப் பொறித்த கற்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றின் பக்கத்தில் இன்னும் ஒரு கல் நடலாம். அது யாருடைய கொல்லை, எத்தனை தலைமுறை உழுதார்கள், எந்த ஆண்டு நாட்டுக்காக விட்டுப் போனார்கள் என்று அதில் எழுதலாம். அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. ஈட்டுத்தொகையில் சேராத கடனில் ஒரு பகுதியாவது அதனால் தீரும்.